கூடலூர் வித்யோதயா பள்ளி எப்படித் தொடங்கியது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்

பந்தலூர் புதுவாத்தியார்:
எல்லோருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் தஞ்சாவூர்ப் பக்கம். போன ஜூனில் நீலகிரியில் பந்தலூர் அருகே ஓர் அரசு தொடக்கப் பள்ளியில் ஆசிரியராகச் சேர்ந்தேன். மூன்றாம் வகுப்பில் பணியர் என்ற ஆதிவாசி இனத்துப் பிள்ளைகள் ஐந்து பேர் இருக்கிறார்கள். அதில் நான்கு பேர் ‘எண்ணும் எழுத்தும்’ என்ற அரசின் அடிப்படைக் கல்வித் திட்டத்தில் இன்னும் ‘அரும்பு’ என்ற முதல் நிலையைத் தாண்டவில்லை. எது கேட்டாலும் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். ‘மெல்லக் கற்போர்’ என்று எழுதி வைத்திருக்கிறோம். எனக்கு அது சரியாகப் படவில்லை. கூடலூரில் ஆதிவாசிப் பிள்ளைகளுக்கான வித்யோதயா பள்ளி பற்றி உடன் வேலை செய்பவர் சொன்னார். அது எப்படி உருவானது, அங்கே என்ன வேறுமாதிரி செய்தார்கள்?

தேவர்சோலை டீச்சர்:
தம்பி, நான் கூடலூர்ப் பக்கம் அரசுப் பள்ளிகளில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவள். வித்யோதயாவில் வேலை பார்த்ததில்லை. பக்கத்திலிருந்து பார்த்தவள், அங்கே கண்டதை என் வகுப்புக்குக் கொண்டுபோனவள்.

கதையைப் பள்ளியிலிருந்து தொடங்கினால் பாதிதான் புரியும். 1986-ல் ஸ்டான் தெக்கேகரா, மாரி தெக்கேகரா தம்பதி கூடலூரில் ஆதிவாசிகளுக்காக அக்கார்டு என்ற தொண்டு அமைப்பைத் தொடங்கினார்கள். ஆதிவாசிகளின் கையைவிட்டுப் போன நிலம்தான் முதல் பிரச்சினை. ஊர் ஊராகச் சங்கம் வைத்து, அதெல்லாம் சேர்ந்து ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் ஆனது. 1988 டிசம்பரில் சுமார் 10,000 பேர் கூடலூரில் ஊர்வலம் போனார்கள். அதுவரை கடைவீதியில் ஓரமாக ஒதுங்கி நடந்த சனங்கள். அப்புறம் 1990-ல் ஆதிவாசி ஆஸ்பத்திரி. அதற்கும் முன்னாலேயே ஊர்ப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்துச் சுகாதாரப் பணியாளர் ஆக்கியிருந்தார்கள். பள்ளிக்கு விதை அங்கேதான் விழுந்தது என்பது என் எண்ணம்.

வித்யோதயா முதலில் ராமா, ராம்தாஸ் என்ற தம்பதி தங்கள் பிள்ளைகளுக்காக வீட்டிலேயே நடத்திய சின்னப் பள்ளி. 1990களின் தொடக்கம் அது. எங்கள் பிள்ளைகளுக்கும் இப்படி ஒன்று வேண்டும் என்று சங்கத்தார் கேட்க, 1996-ல் அது ஆதிவாசிப் பிள்ளைகளின் பள்ளியானது. ஆஸ்பத்திரியில் செய்ததையே இங்கும் செய்தார்கள். ஆதிவாசி இளைஞர்களையே ஆசிரியராகப் பழக்கினார்கள். முன்னால் நிற்கும் அக்கா தன் பேச்சைப் பேசுகிறவள் என்றால், அந்தப் பிள்ளைக்குப் பாதி பயம் போய்விடும்.

இந்தப் பக்கத்தில் பணியர், காட்டுநாயக்கர், பெட்டகுறும்பர், முள்ளுக்குறும்பர், இருளர் என்று ஐந்து கூட்டம். ஒவ்வொருவருக்கும் வீட்டில் ஒரு பேச்சு. கடையில் மலையாளம் கேட்கும், எஸ்டேட்டில் தமிழ் கேட்கும். ஒன்றாம் வகுப்பில் உட்காரும் பணியர் குழந்தைக்கு நம் பாடப்புத்தகத் தமிழ் அந்நிய மொழி. அதை நாம் மந்தம் என்று எழுதிவிட்டோம்.

நானும் அந்தத் தப்பைச் செய்தவள்தான். ஒரு பெண் குழந்தை இரண்டு வருடம் வாயே திறக்கவில்லை. “வாயில் என்ன கொழுக்கட்டையா?” என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறேன். இன்றும் நினைத்தால் நெஞ்சு வலிக்கிறது. ஒரு ஜூலை மழையில் அவள் வயலில் பிடித்த நண்டுகளைச் சேம்பிலையில் பொதிந்து வகுப்புக்கே கொண்டுவந்துவிட்டாள். எத்தனை என்றேன். தன் பேச்சில் கடகடவென்று எண்ணினாள். இரண்டு நண்டு பெஞ்சுக்கு அடியில் ஓடியதும், மிச்சம் எத்தனை என்று நான் கேட்காமலேயே சொன்னாள்! கழித்தல் தெரியாதவள் என்று அவளைப் பற்றி எழுதி வைத்திருந்தது நான். அந்த வாரமே வித்யோதயாவுக்குப் போனேன்.

உங்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பாடிக்கு, அதாவது குடியிருப்புக்குப் போங்கள். நோட்டு, பேனா வேண்டாம். அங்கே கண்ணில் படும் ஒவ்வொன்றுக்கும் அவர்கள் என்ன பெயர் சொல்கிறார்கள் என்று பிள்ளைகளிடமே கேட்டுக்கொள்ளுங்கள். நீங்கள் தப்பாகச் சொன்னால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். காப்பிப் பழம் பறிக்கும் மாதங்களில் அப்பா அம்மாவோடு குடகுக்குப் போய்விட்டால் பெயரை அடித்துவிடாதீர்கள். மழைக்காலத்தில் வழியில் யானை நின்றாலும் வரமுடியாது. ‘ஒழுங்கற்ற வருகை’ என்று எழுதும் முன் ஒருமுறை அந்த வழியில் நடந்து பாருங்கள்.

பந்தலூர் புதுவாத்தியார்:
டீச்சர், இரண்டு தடவை படித்துவிட்டேன். இந்த ஞாயிறே போகிறேன். ஒரு சந்தேகம். ஐந்தாவது, எட்டாவது தாண்டி நின்றுபோன பெரிய பிள்ளைகளும் அந்தப் பாடியில் இருக்கிறார்கள். அவர்களுக்கு வழி உண்டா?

கோத்தகிரி அம்மா:
இதற்கு நான் சொல்லலாம் சார். என் மகனுக்கு டிஸ்லெக்சியா, அதாவது படிப்பதிலும் எழுதுவதிலும் சிரமம் தரும் கற்றல் குறைபாடு. ஒரு பள்ளியில் எட்டாவதோடு டிசி வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். பிறகு என்ஐஓஎஸ்ஸில், அதாவது தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பதிந்தோம். 1989-ல் மத்திய அரசு தொடங்கியது. பத்தாவதைத் தமிழிலும் எழுதலாம். ஐந்து பாடம் போதும், பாஸ் மார்க் 33. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை, பதிவு ஐந்து வருடம் செல்லும். பதினான்கு வயது நிறைந்திருக்க வேண்டும். என் மகன் கணக்குக்குப் பதில் வேறு பாடம் எடுத்தான், மூன்று தவணையில் முடித்தான். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடும் சேர்ந்திருப்பதால், சான்றிதழ் இருந்தால் கூடுதல் நேரமும் எழுதித்தர ஆளும் கேட்கலாம். ஆனால் வீட்டில் யாராவது தினமும் கூட உட்கார வேண்டும். பாடியில் அதற்கு ஆள் கிடைக்குமா என்று முதலில் பாருங்கள்.

பந்தலூர் புதுவாத்தியார்:
போய் வந்தேன். என் வகுப்பில் வாயே திறக்காத பையன் ஓடையைக் கடக்க என் கையைப் பிடித்துக் கூட்டிப்போனான். மூங்கிலுக்கும் மழைக்கும் அவர்கள் சொல்லும் பெயரை மூன்று தடவை தப்பாகச் சொன்னேன், மூன்று தடவையும் திருத்தினான். பத்தாவது வரை படித்த ஓர் அக்கா அங்கே இருக்கிறார். சாயங்காலம் பெரிய பிள்ளைகளோடு உட்காரச் சம்மதித்திருக்கிறார். கோத்தகிரி அம்மா, பதிவுக்கு என்னென்ன தாள்கள் வேண்டும் என்று எழுதுவீர்களா?