கண்ணன் கல்யாணப் பத்திரிகை: புரூஃப் பார்க்கவும்

குழு: வடக்குத் தெரு சொந்தங்கள்

முத்து (காலை 8:40): புரூஃப் வந்துவிட்டது. படம் போட்டிருக்கிறேன். மாலை 6 மணிக்குள் அச்சகத்துக்குச் சொல்ல வேண்டும். பெயர்களை மட்டும் பாருங்கள், போதும்.

விஜயா: 🙏🙏

பாலு: இந்தத் தடவையாவது என் பெயர் இருக்கிறதா சித்தப்பா?

முத்து: இருக்கிறது. மூன்றாவது வரி.

பாலு: மூன்றாவதா. சரி.

ராமலிங்கம் வாத்தியார்: தமிழ்ப் பக்கம் குறையில்லை. ஆங்கிலப் பக்கத்தில் மாப்பிள்ளை பெயருக்கு மேல் ‘குரூம்’ என்று மொட்டையாக நிற்கிறது. ‘பிரைட்குரூம்’ என்று முழுதாகப் போடுங்கள். வெறும் குரூம் என்றால் லாயத்தில் குதிரை தேய்க்கிறவன்.

கண்ணன்: எல்லாப் பத்திரிகையிலும் குரூம்தான் மாமா

திவ்யா: குதிரைக்காரன் கண்ணன் 😂

செல்வி: குதிரையா? சாரட் வேண்டாம் என்று பெண் வீட்டில் அன்றைக்கே சொல்லியாச்சே. மறுபடியும் யார் ஆரம்பித்தது?

முத்து: சாரட் இல்லை மதினி. ஒரு எழுத்துப் பிரச்சினை.

ராமலிங்கம் வாத்தியார்: பழைய ஆங்கிலத்தில் மாப்பிள்ளைக்கு ‘பிரூட்குமா’ என்று பெயர். குமா என்றால் ஆள். லத்தீனில் மனிதனை ‘ஹோமோ’ என்பார்களே, அதற்கு ஒன்றுவிட்ட சொந்தம். மணப்பெண்ணின் ஆள், அவ்வளவுதான். ஜெர்மன்காரர்கள் இன்றும் ‘பிராய்டிகாம்’ என்று அதை விடாமல் வைத்திருக்கிறார்கள். இங்கிலாந்தில் குமா வழக்கொழிந்தது. பொருள் புரியாத இடத்தில், ஏறக்குறைய அதே மாதிரி ஒலிக்கிற குரூம் 16ஆம் நூற்றாண்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. குரூம் என்றால் முதலில் பையன், அப்புறம் எடுபிடி, அதற்கும் அப்புறம் குதிரைக்காரன். அந்தச் சொல்லின் வேர் எது என்று அகராதிக்காரர்களே இன்னும் முடிவுக்கு வரவில்லை.

முத்து: நாம் 6 மணிக்குள் வந்தாக வேண்டும் மச்சான்

திவ்யா: மாப்பிள்ளையிலும் பிள்ளை இருக்கிறதே மாமா

ராமலிங்கம் வாத்தியார்: அதேதான். கெட்டிக்காரி.

பாலு: என் பெயருக்குப் பின்னால் பி.இ. காணோம்

கண்ணன்: மாமா, ஷேக்ஸ்பியரே ஒத்தெல்லோவில் ‘பிரைட் அண்ட் குரூம்’ என்று எழுதியிருக்கிறார். இப்போதுதான் தேடிப் பார்த்தேன்.

ராமலிங்கம் வாத்தியார்: எழுதினார். அதே மனிதர் மெக்பெத்தில் யாரைக் குரூம் என்கிறார்? டங்கன் மன்னனின் அறையில் காவலுக்கு இருந்த ஆட்களை. குடித்து மட்டையாகி, குறட்டை விட்டுக் கிடந்தார்கள். மன்னன் போனான், பழி அவர்கள் தலையில்.

செல்வி: குடித்துக் கிடக்கிற பேச்சே வேண்டாம் அண்ணே. அம்பை கல்யாணத்தில் ஒருத்தர் கிடந்தது போதும்.

முத்து: அது வெயில் மதினி

விஜயா: ராத்திரி 11 மணிக்கா

திவ்யா: எங்கள் தெருவில் நாய்க்கு முடி வெட்டுகிற கடையில் ‘பெட் குரூமிங்’ என்று போர்டு. அதுவும் இதுதானா மாமா?

ராமலிங்கம் வாத்தியார்: குதிரைக்குச் செய்த சேவை நாய்க்கும் வந்தது. ராஜாவுக்கும் உண்டு. எட்டாம் ஹென்றியிடம் ‘குரூம் ஆஃப் தி ஸ்டூல்’ என்று ஒரு பதவி. ராஜா மலம் கழிக்க உட்காரும்போது கூடவே நின்று வேண்டியதைச் செய்ய வேண்டும். தனியாக ராஜா காதில் ஒரு வார்த்தை போட முடிகிற ஆள் என்பதால் செல்வாக்குக்குக் குறைவில்லை. அந்தப் பதவியில் இருந்த ஹென்றி நாரிஸை, ராணி ஆன் பொலினோடு சேர்த்துக் குற்றம் சாட்டி 1536இல் தலையை வெட்டிவிட்டார்கள்.

விஜயா: இட்லித் தட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்

கண்ணன்: பிரைட்குரூம் என்று போட்டாலும் அதற்குள் அந்தக் குரூம்தானே மாமா இருக்கிறது?

ராமலிங்கம் வாத்தியார்: இருக்கிறது. மணப்பெண் முன்னால் நின்று உன் மானத்தைக் காப்பாற்றுகிறாள்.

திவ்யா: பிரைடல் மேக்கப் அக்கா மூன்று பேருக்கு மேல் முடியாது என்கிறார்கள். யார் யார்?

ராமலிங்கம் வாத்தியார்: பிரைடல் என்றாயே, அதன் பின்பாதி ‘ஏல்’. பீர் வகை. கல்யாண வீட்டில் கூடிக் குடிக்கிற விருந்துக்குத்தான் முதலில் அந்தப் பெயர்.

முத்து: 👍

செல்வி: முத்து.

முத்து: தெரியாமல் கை பட்டுவிட்டது மதினி

பாலு: பி.இ.?

முத்து (மாலை 5:35): அச்சகத்திலிருந்து போன் மேல் போன். பிரைட்குரூம் போட்டால் எழுத்தைச் சின்னதாக்க வேண்டுமாம். என்ன சொல்ல?

ராமலிங்கம் வாத்தியார்: பிரைட்குரூம்

கண்ணன்: குரூம்

செல்வி: இரண்டையும் எடுத்துவிட்டுப் பெயரை மட்டும் போட்டால் என்ன? இவர் எழுந்ததும் கேட்டுச் சொல்கிறேன்.

விஜயா: முத்து, முகூர்த்தம் காலை 6 முதல் 7.30 என்று இருக்கிறதே. பெண் வீட்டில் 7.30 முதல் 9 என்றுதானே சொன்னார்கள்?

முத்து: எழுதிக் கொடுத்த தாளில் அப்படித்தான் இருந்தது பெரிய மதினி

செல்வி: அந்தத் தாளை எழுதியது யார்?

முத்து: கண்ணன், பெண் வீட்டுக்கு உடனே ஒரு போன் போடு