வெளியில் மாட்டும் படச்சட்டத்துக்குப் பெயர்: ‘காற்றுபுகா’ வேண்டாம், ‘மழைதாங்கி’ போதும்

குழும உறுப்பினர்களுக்கு வணக்கம்.

திறந்தவெளியில் நிழற்படங்களைக் காட்சிக்கு வைப்பதற்கென்று செய்யப்படும், மழையும் தூசும் உள்ளே போகாத சட்டத்துக்கு ஒரு தமிழ்ச் சொல் வேண்டும் என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். ‘காற்றுபுகாச் சட்டகம்’, ‘வளியடைச் சட்டகம்’, ‘வானிலைதாங்குச் சட்டகம்’, ‘நிழற்படப் பேழை’ என்று நான்கு சொற்கள் வந்துள்ளன. அவற்றுள் முதலாவதற்கே ஆதரவு மிகுதி. கேட்டபோது என் மனத்திலும் அதுதான் இருந்தது. ஆனால் இடையில் பட்டறையில் நடந்த ஒன்று என் எண்ணத்தைத் திருப்பிவிட்டது. சொல்லை முடிவு செய்வதற்கு முன் அதைச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனெனில் இங்கே சொல்லின் குற்றமும் பொருளின் குற்றமும் ஒன்றாகவே இருக்கின்றன.

ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருக்கும் ஒருவர், தம் தோட்டத்தின் பழைய படங்களைப் பெரிதாக்கி, நடைபாதை ஓரம் கம்பம் நட்டு மாட்ட வேண்டும் என்று எங்களிடம் வந்தார். களத்தில் காப்பிக்கொட்டை உலர்த்துவது, சில்வர் ஓக் மரத்தில் ஏணி சார்த்தி மிளகு பறிப்பது போன்ற படங்கள். ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் அகலம், 90 சென்டிமீட்டர் உயரம். அலுமினியம் செக்‌ஷனில் சட்டம், முன்னால் 4 மில்லிமீட்டர் அக்ரிலிக், பின்னால் ஏசிபி தகடு (இரண்டு அலுமினியத் தாள்களுக்கு நடுவே பிளாஸ்டிக் வைத்து ஒட்டியது), இடையில் 2 சென்டிமீட்டர் இடைவெளி, சுற்றிலும் இடுக்கை அடைக்கும் சிலிக்கான் பசை என்று திட்டமிட்டேன். ‘காற்றுபுகா’ என்ற சொல் மூளையில் உட்கார்ந்திருந்ததால், ஓர் ஊசிமுனை இடமும் விடாமல் சிலிக்கானை இரண்டு சுற்று இழுக்கச் சொன்னேன். சேலத்தில் அஸ்தம்பட்டிக்கு அருகிலுள்ள எங்கள் பட்டறையில் அதை அடைத்து, இரண்டு நாள் காயவிட்டு, மாதிரிக்காக அந்த ஒன்றை மட்டும் வண்டியில் ஏற்றிக்கொண்டு மலைக்குப் போனோம்.

இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து மேலே இறக்கியபோது, எங்கள் பட்டறையில் முப்பது ஆண்டுகளாக வேலை பார்க்கும் பெரியவர் சட்டத்தின் முகத்தில் கையை வைத்துப் பார்த்துவிட்டு, “சார், இது மூச்ச இழுத்துப் புடிச்சிக்கிட்டு நிக்குது, பாருங்க” என்றார். இரும்பு ஸ்கேலைக் குறுக்கே வைத்துப் பார்த்தேன். அக்ரிலிக்கின் நடுப்பகுதி நான்கு மில்லிமீட்டர் அளவுக்கு வெளியே உப்பியிருந்தது. கீழ்மூலை ஒன்றில் சிலிக்கான் விளிம்பு தகட்டை விட்டு ஒரு நகக்கண் அளவுக்குப் பிரிந்திருந்தது. அடிவாரத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் மேலே போனதும் பலூன் மாதிரி உப்பி நிற்பதை இந்த மலையில் ஏறிய எல்லாக் குழந்தைகளும் பார்த்திருப்பார்கள். நான் செய்து எடுத்துப் போனதும் ஒரு பெரிய சிப்ஸ் பாக்கெட்தான்.

கணக்கு எளிது. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்திலும் ஏற்காடு ஏறத்தாழ 1500 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. சேலத்தில் சுமார் 980 மில்லிபாராக இருக்கும் காற்றழுத்தம் ஏற்காட்டில் சுமார் 845-ஆகக் குறைகிறது. சேலத்துக் காற்றை உள்ளே அடைத்துக்கொண்டு மேலே போகும் பெட்டியின் சுவர்களில், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் ஏறக்குறைய 138 கிராம் எடைக்குச் சமமான விசை உள்ளிருந்து தள்ளுகிறது. எங்கள் சட்டத்தின் பரப்பு 5400 சதுர சென்டிமீட்டர். முகம் சிறிதும் வளைந்துகொடுக்காமல் விறைத்து நின்றிருந்தால் அதன் மீது 700 கிலோவுக்கு மேல் சுமை ஏறியிருக்கும். அக்ரிலிக் வளைந்துகொடுத்ததால் உள்ளே இடம் பெருகி அழுத்தம் தணிந்தது. மூலை பிரிந்ததால் மீதியும் வெளியேறியது. உண்மையிலேயே காற்று புகாத சட்டத்தை நான் செய்திருந்தால் அது உடைந்திருக்கும் என்பதே இதன் பொருள். இரட்டைக் கண்ணாடிச் சன்னல்களை மலையூர்களுக்கு அனுப்பும் நிறுவனங்கள் இதே காரணத்துக்காக மயிரிழைக் குழாய் ஒன்றை அவற்றில் செருகி அனுப்புகின்றன என்பதைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

மலைக்கே போகாத சட்டத்துக்கும் இதிலிருந்து முழு விடுதலை இல்லை. வெயிலில் உள்ளே 50 பாகைக்குச் சூடேறிய சட்டத்தின் மீது கோடை மழை சடசடவென்று இறங்கி அதை 20 பாகைக்குக் குளிர்வித்தால், உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இறங்கும். ஏற்காட்டு உயரத்தில் அது ஏறத்தாழ 80 சென்டிமீட்டர் நீரை மேலே உறிஞ்சும் இழுப்புக்குச் சமம். அந்த நேரத்தில் விளிம்பில் மழைநீர் நின்றுகொண்டிருந்து, அங்கே மயிரிழைப் பிளவு ஒன்றும் இருந்துவிட்டால், சட்டம் உறிஞ்சுகுழல் வைத்துக் குடிப்பதைப் போல நீரைக் குடித்துவிடும். எங்கள் மாதிரிச் சட்டம் அப்படித்தான் குடித்தது. பத்து நாள் கழித்துத் தோட்டத்தார் அனுப்பிய படத்தில், முகத்தின் உட்புறம் கீழ்ப்பாதி முழுவதும் நீர்த்துளிகள் அரும்பியிருந்தன. பெரிய ஓட்டை இருந்திருந்தால்கூட அது உலர்ந்திருக்கும். முற்றாக அடைக்க முயன்று தோற்ற இடத்தில்தான் நீர் உள்ளே போக வழியும் வெளியேற வழியின்மையும் ஒருசேர அமைந்துவிடுகின்றன.

இனிச் சொற்களுக்கு வருகிறேன்.

‘காற்றுபுகா’ என்பதில் வலிமிகுதல் பற்றி இரண்டு மடல்கள் வந்தன. எழுவாய்த் தொடரானதால் ஒற்று மிகாது என்பதும், ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சத்தின் பின் மிகும் என்பதும் சரியே. ஆகவே ‘காற்றுபுகாச் சட்டகம்’ என்று எழுதுவதே முறை. என் மறுப்பு ஒற்றைப் பற்றியது அன்று. ‘புகா’ என்று ஒரு பொருளுக்குப் பெயர் வைத்தால் அதைச் செய்பவர் புகாமல் செய்யவே முயல்வார், நானும் முயன்றேன். மின்கருவிப் பெட்டிகளின் மீது ஐபி 65 என்று அச்சிட்டிருப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். அதில் முதல் இலக்கம் தூசுக்கும் இரண்டாம் இலக்கம் நீருக்கும் உரியவை. காற்றுக்கென்று அந்த அளவீட்டில் இலக்கமே கிடையாது. தொழில் உலகம் கேட்காத ஒன்றை நம் கலைச்சொல் கேட்க வேண்டியதில்லை. ‘வளியடை’ என்பதும் இதே குற்றத்துக்கு ஆளாகிறது, போதாக்குறைக்கு வளியை அடைத்து வைத்திருக்கும் சட்டம் என்றும் அதைப் படிக்கலாம்.

‘நிழற்படப் பேழை’யை முன்மொழிந்த அம்மையாரின் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆழமும் கதவும் உள்ள ஒன்றைச் சட்டகம் என்பது பொருந்தாது என்கிறார். ஆயினும் ‘கண்ணாடிப் பேழை’ என்றவுடன் நம் செய்தித்தாள் வாசகருக்கு எது நினைவுக்கு வரும் என்பதை எண்ணிப் பாருங்கள். தலைவர்களின் உடல் அஞ்சலிக்கு வைக்கப்படும் பேழைதான். கோடை விழாவுக்கு வரும் சுற்றுலாப் பயணிகள் நின்று பார்க்கும் படத்துக்கு அந்தப் பெயர் வேண்டாம். எனக்குத் தோன்றிய ‘படக்கூடு’ இன்னும் மோசம்; ‘வெளிப்படக்கூடு’ என்று சேர்த்தெழுதினால் வினைமுற்று பாதியில் அறுந்ததுபோல் நிற்கிறது.

மிஞ்சுவது ‘வானிலைதாங்கு’. இதன் பின்பாதி எனக்குப் பிடித்திருக்கிறது. இடிதாங்கி, சுமைதாங்கி என்னும் சொற்களை எண்ணுங்கள். இடிதாங்கி இடியை வராமல் தடுப்பதில்லை, வந்ததை ஏற்று மண்ணுக்கு அனுப்புகிறது. ‘புகா’ என்பது தருகிற வாக்குறுதி பெரிது. ‘தாங்கி’ என்பது, வருவது வரட்டும், நான் கெடமாட்டேன் என்று மட்டும் சொல்கிறது. சட்டத்தால் உண்மையில் ஆகக்கூடியது அவ்வளவே. ‘வானிலை’ என்ற முன்பாதிதான் வாயில் வராது. அது வானொலி அறிக்கையின் சொல், பட்டறையின் சொல் அன்று. ஆகவே ‘மழைதாங்கிச் சட்டகம்’ என்று முன்மொழிகிறேன். வெயில் விடுபடுகிறதே என்று கேட்பீர்கள். விடுபடத்தான் செய்கிறது. வெயிலைத் தாங்குவது சட்டத்தின் வேலையைவிட முகத்தகட்டின் வேலை. புறஊதாக் கதிரை வடிக்கும் அக்ரிலிக்கோ, நடுவில் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியோதான் அதைச் செய்ய வேண்டும். அதற்கு வேறு பெயர் தேடுவோம். ‘பருவந்தாங்கி’ என்று என் மருமகள் சொன்னது இரண்டையும் அடக்குகிறது, ஆனால் கேட்டவர்கள் எல்லோரும் சிரித்துவிட்டார்கள்.

இரண்டாவது சட்டத்தில் நாங்கள் செய்த மாற்றத்துக்கும் ஒரு சொல் தேவைப்படுகிறது. கீழ்ச்சட்டத்தில், தரையைப் பார்த்தபடி, ஒரு துளை போட்டு அதில் காற்றை விட்டு நீரை விடாத ஒரு படலத்தை ஒட்டினோம். டெஃப்லானை இழுத்து நீட்டிச் செய்யும் படலம் அது. குழாய்க்காரர் மரையில் சுற்றும் வெள்ளை டேப்பும் தோசைக்கல்லின் பூச்சும் அதே டெஃப்லான்தான். அது 1938-இல் கண்டுபிடிக்கப்பட்டது; அதை வேகமாக இழுத்தால் கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகள் நிறைந்த படலமாகும் என்பதை 1969-இல் அமெரிக்காவில் பாப் கோர் கண்டார். அந்தத் துளைகள் வழியே காற்றும் நீராவியும் போய்வரும். திரண்ட நீர்த்துளி, தன் பரப்பு இழுவிசையால் போக முடியாமல் நின்றுவிடும். அதன் பின் சட்டம் மலையேறியபோது உப்பவில்லை.

இதற்குச் ‘சுவாசப் படலம்’, ‘மூச்சுத்துளை மென்படலம்’ என்றெல்லாம் உருவாக்கலாம். ஆனால் நம் வீட்டில் இதற்கு முன்பே ஒரு சொல் இருக்கிறது. என் தாயார் மாவடு ஊறப்போட்ட சாடியின் வாயில் வெள்ளைத் துணியை விரித்து, கழுத்தில் கயிற்றால் இறுக்கி, ‘வேடு கட்டி’ வெயிலில் வைப்பார். எறும்பும் தூசும் போகாது, காற்று போய்வரும், மாவடு பூசணம் பிடிக்காது. சாடிக்கு வேடு செய்யும் வேலையைத்தான் சட்டத்துக்கு அந்தப் படலம் செய்கிறது. ஆகவே படலத்துக்கு ‘வேடு’ என்றே பெயர் வைப்போம். வேடர் கூட்டத்தையும் அச்சொல் குறிக்கும் என்றாலும் இடம் நோக்கிப் பொருள் விளங்கும். ஒன்றை மட்டும் தவிர்க்க வேண்டும். இதையே அடைமொழியாக்கினால் புணர்ச்சியில் ‘வேட்டுச் சட்டகம்’ ஆகிவிடும். முதல் சட்டம் பட்ட பாட்டுக்கு அது பொருத்தமான பெயர்தான், விற்பனைக்கு ஆகாது. ‘வேடிட்ட சட்டகம்’ என்று சொல்லிக்கொள்ளலாம்.

வேடு நீராவியையும் உள்ளே விடும் என்பதை மறைக்கக் கூடாது. ஏற்காட்டில் பனி இறங்கினால் நாள்கணக்கில் காற்று ஈரத்தால் நிறைந்தே நிற்கும், அப்போது சட்டத்தின் உள்ளும் அதே ஈரந்தான். சிலிக்கா ஜெல் பை வைத்தால் சில நாள் பொறுக்கும், பிறகு மாற்ற வேண்டும். எங்கள் சட்டத்தின் உட்கொள்ளளவு பதினொரு லிட்டருக்கும் குறைவு. 25 பாகையில் நூற்றுக்கு 80 ஈரப்பதம் உள்ள காற்றை அதில் அடைத்து இரவில் 12 பாகைக்குக் குளிரவிட்டால் திரளும் நீர் இரண்டு சொட்டுக்கு மேல் தேறாது. அந்த இரண்டு சொட்டு முகம் முழுவதும் மூடுபனியாய்ப் படிவதற்குப் போதும். பாடநூல் இதை ‘ஆவி சுருங்குதல்’ என்கிறது. பட்டறையில் ‘கண்ணாடி வேர்த்திருக்கு’ என்பார்கள். நிகழ்வுக்குப் பாடநூல் சொல் இருக்கட்டும், சட்டத்துக்குள் ஏற்படும் இந்தக் குறைபாட்டுக்கு ‘உள்வேர்ப்பு’ என்று பட்டியலில் சேர்க்கலாம். வேர்ப்பு ஏன் கேடு என்பதற்குச் சான்று, நம் வீடுகளில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு பெயர்த்தெடுக்க முடியாமல் போன கல்யாணப் படங்கள். படத்தாளின் ஜெலட்டின் பூச்சு ஈரத்தில் பசையாகிறது, பூசணத்துக்கு உணவும் ஆகிறது. மூலப் படத்தை வெளியில் வைக்கவே கூடாது. நகல் எடுத்து, முகத்தில் படாமல் விளிம்பு அட்டையால் தள்ளி நிறுத்த வேண்டும்.

‘காற்றுபுகா’ என்ற சொல்லைக் கைவிடச் சொல்லவில்லை. உணவு டப்பாவுக்கும் வாயு நிரப்பி அடைத்த கண்ணாடிக்கும் அது உரியது. 1916-இல் ராஜாஜி, சேலத்தில் வழக்கறிஞராக இருந்தபோது, அறிவியல் சொற்களைத் தமிழில் ஆக்குவதற்கென்று இங்கே ஒரு சங்கம் தொடங்கினார். அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு ஒரு சொல்லை இரண்டு பொருளுக்குப் பங்கு வைக்க எனக்கு மனம் வரவில்லை.

இன்னும் ஒரு சொல் பாக்கி. முகத்தகட்டுக்கும் சட்டத்துக்கும் இடையில் வைத்து அழுத்தும் ரப்பர்ப் பட்டையைப் பட்டறையில் சிலர் ‘பீடிங்’ என்றும் சிலர் ‘கேஸ்கட்’ என்றும் சொல்கிறார்கள். பெரியவர் மட்டும் ‘மெத்தை’ என்கிறார். எனக்கு ‘மெத்தை’ பிடித்திருக்கிறது, அதற்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். மீதிப் பதினொரு சட்டங்களும் அடுத்த வாரம் மலையேறுகின்றன. ஒவ்வொன்றின் முதுகிலும், எப்போது ஜெல் பை மாற்ற வேண்டும், வேட்டில் தூசு படிந்தால் எப்படித் துடைக்க வேண்டும் என்று தமிழில் ஒரு சீட்டு ஒட்டப்போகிறோம். வெள்ளிக்கிழமைக்குள் வருகிற சொற்கள் அந்தச் சீட்டில் ஏறும்.