9 நாள் பிள்ளைக்கு எடை ஏறவில்லை: பால் போதவில்லையா, பிள்ளை சரியாகக் குடிக்கவில்லையா?

கருங்கல்_பெரியம்மா கேட்டது:

தங்கைக்கு முதல் பேறுகாலம், சிசேரியன். பையனுக்கு இன்று 9 நாள். பிறந்த எடை 2.900 கிலோ. 5-ம் நாள் ஆஸ்பத்திரியிலிருந்து வரும்போது 2.680. இன்று காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் 2.700.

நேற்றுக் காலை 6 மணி முதல் இன்று காலை 6 வரை மூத்திரம் 5 தடவை, வெளிக்கு 2 தடவை, பச்சை கலந்த மஞ்சள். ஒவ்வொரு தடவையும் முக்கால் மணி நேரம் மார்பில் கிடக்கிறான், எடுத்ததும் அழுகிறான். இடது காம்பு வெடித்து ரத்தம் கசிகிறது. வலது காம்பு தட்டையாக உள்ளே அமுங்கி இருக்கிறது. 4-ம் நாள் கல்லாகக் கட்டியிருந்த மார்பு இப்போது மெத்தென்று ஆகிவிட்டதால் வீட்டில் எல்லோரும் பால் வற்றிவிட்டது என்கிறார்கள். பவுடர் பால் டின் வாங்கி வைத்தாயிற்று, இன்னும் திறக்கவில்லை. வயிறு போடும் என்று தங்கைக்குத் தண்ணீரையும் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

உண்மையிலேயே பால் இல்லையா? எதை முதலில் சரி செய்ய வேண்டும்?

தக்கலை_செவிலி:

மார்பு மெத்தென்று ஆனதை வைத்துப் பால் வற்றியதாக முடிவு கட்டாதீர்கள். 3-ம் நாள், 4-ம் நாள் மார்பு கல்லாவது பாலால் மட்டும் அல்ல. அந்த நேரத்தில் மார்புக்கு ரத்தமும் நீரும் கூடுதலாக வந்து வீங்குகிறது. வீக்கம் வடிந்தால் மெத்தென்றுதான் இருக்கும். பிள்ளை குடித்தானா என்பதைத் தராசும் அவன் நனைக்கும் துணியும்தான் சொல்லும்.

நீங்கள் கொடுத்த கணக்கைப் பார்ப்போம். முதல் 5 நாளில் குறைந்தது 220 கிராம், பிறந்த எடையில் 7.6 சதவீதம். சிசேரியனுக்குப் பிறகு இப்படிக் குறைவது உண்டு. எனக்குக் கவலை அடுத்த 4 நாளைப் பற்றித்தான். 5-ம் நாளுக்குப் பிறகு நாளொன்றுக்கு 20 முதல் 30 கிராம் ஏற வேண்டும். 80 கிராமாவது ஏறியிருக்க வேண்டிய இடத்தில் 20 கிராம்தான் ஏறியிருக்கிறது. ஆஸ்பத்திரித் தராசும் சுகாதார நிலையத் தராசும் வேறு வேறு என்பதால் கொஞ்சம் முன்பின் இருக்கலாம். ஆனால் துணியும் அதையே சொல்கிறதே. இந்த வயதில் மூத்திரம் 6 தடவைக்குக் குறையக் கூடாது. மலம் 5-ம் நாளுக்குள் நல்ல மஞ்சளாகி, நாளுக்கு 3 தடவைக்கு மேல் போக வேண்டும். ஆகவே குழந்தை மருத்துவரிடம் இன்றே காட்டுங்கள். ஆசாரிப்பள்ளம் மெடிக்கல் காலேஜ் ஆனாலும் சரி, பக்கத்தில் உள்ள மருத்துவர் ஆனாலும் சரி. மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்த்து, நாக்கடியையும் (நாக்கை அடியில் கட்டிப் பிடிக்கும் சவ்வு இருக்கிறதா என்று) சோதிக்கச் சொல்லுங்கள்.

முக்கால் மணி நேரம் குடித்தும் அழுகை, காம்பு வெடிப்பு, ஏறாத எடை. இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், பிள்ளை காம்பை மட்டும் கவ்வுகிறான் என்றுதான் தோன்றுகிறது. காம்பைச் சுற்றிய கருவட்டமும் வாய்க்குள் போனால்தான் நாக்கு அழுத்திப் பால் எடுக்க முடியும். காம்பு மட்டும் போனால் அது நாக்குக்கும் மேலண்ணத்துக்கும் நடுவே நசுங்கி வெடிக்கும், பாலும் வராது. எடுக்காத பால் மார்பிலேயே தேங்கினால் இவ்வளவு தேவையில்லை என்று உடம்பு சுரப்பைக் குறைத்துவிடும். இன்றைக்கு வற்றவில்லை, ஆனால் இப்படியே இரண்டு வாரம் போனால் குறையும்.

வாய் வைக்கும் விதம். தையல் இருப்பதால் மடியில் குறுக்கே போட வேண்டாம். தங்கை சாய்ந்து உட்காரட்டும், பக்கத்தில் இரண்டு தலையணை. பிள்ளையைக் கக்கத்தில் பை இடுக்குவதுபோல விலாப்பக்கம் வையுங்கள், கால் அம்மாவின் முதுகுப் பக்கம் போக வேண்டும். உள்ளங்கை பிள்ளையின் தோளிலும் கழுத்திலும் இருக்கட்டும். பின்தலையைப் பிடித்து அழுத்தினால் அவன் திமிறிப் பின்னால்தான் தள்ளுவான். மூக்குக்கு நேராகக் காம்பு வரட்டும். காம்பால் மேலுதட்டைத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள். கொட்டாவி விடுவதுபோல வாய் திறந்த அந்த நொடியில், தாடை முதலில் மார்பில் படும்படி பிள்ளையை மார்புக்குக் கொண்டு வர வேண்டும். அம்மா குனிந்து மார்பைப் பிள்ளை வாயில் திணிக்கக் கூடாது, அதில்தான் பெரும்பாலும் தவறுகிறது.

சரியாகக் கவ்வினால் தாடை மார்பில் பதிந்திருக்கும், கீழுதடு வெளியே மடிந்திருக்கும், கருவட்டம் வாய்க்கு மேலே அதிகமும் கீழே குறைவாகவும் தெரியும். கன்னம் உருண்டையாக இருக்கும். கன்னத்தில் குழி விழுந்தாலோ 'டக் டக்' என்று சத்தம் கேட்டாலோ பிடி சரியில்லை. முதல் அரை நிமிடம் சுருக்கென்று இருக்கலாம், அதற்குப் பிறகும் வலித்தால் பொறுத்துக்கொள்ள வேண்டாம். சுத்தமான சுண்டு விரலை வாயோரம் நுழைத்துப் பிடியை விடுவித்து மறுபடி வையுங்கள். குடித்து முடித்ததும் காம்பைப் பாருங்கள். உருண்டையாக வெளியே வந்தால் நல்லது. புது லிப்ஸ்டிக் முனைபோலச் சரிந்து வந்தால் நசுங்கியிருக்கிறது.

வாய் அசைவது எல்லாம் குடிப்பது ஆகாது. தாடை ஆழமாக இறங்கி, ஒரு கணம் நின்று, தொண்டையில் விழுங்கும் சத்தம் கேட்டால் பால் போகிறது. சத்தம் நின்று வெறுமனே சப்பத் தொடங்கினால், மார்பை விலாப்பக்கம் முழுக் கையால் மெல்ல அழுத்திப் பிடியுங்கள், மறுபடி விழுங்குவான். அதற்கும் விழுங்கவில்லை என்றால் அடுத்த பக்கம் மாற்றுங்கள்.

எடை ஏறும்வரை நடைமுறை இது. பகலில் 2 மணி, இரவில் அதிகம் போனால் 3 மணி நேரத்துக்கு ஒரு தடவை. 24 மணி நேரத்தில் 10 தடவையாவது ஆக வேண்டும், தூங்கினாலும் எழுப்பி. இரண்டு பக்கமும் சேர்த்து 30 நிமிடம் போதும், முக்கால் மணி நேரம் இழுத்தால் குடிப்பதைவிட அவன் களைப்பதுதான் அதிகம். பிறகு வீட்டில் ஒருவர் முந்தின தடவை பீய்ச்சி வைத்த பாலை 20 முதல் 30 மில்லி பாலாடையில் (மூக்கு வைத்த சிறு கிண்ணம்) கொடுக்கட்டும். அதே நேரத்தில் தங்கை அடுத்த தடவைக்காக 15 நிமிடம் பீய்ச்சட்டும். 30 மில்லி எங்கிருந்து வந்தது என்றால், இந்த வயதில் கிலோவுக்குச் சுமார் 150 மில்லி வேண்டும். 2.7 கிலோவுக்கு நாளொன்றுக்கு 400 மில்லி, 10 தடவைக்குப் பிரித்தால் தலா 40. மார்பிலிருந்து கொஞ்சம் போகிறது, மீதியை இது நிரப்பும். நள்ளிரவு முதல் விடியல் வரை உள்ள வேளையை மட்டும் விடவே வேண்டாம். பால் சுரக்க வைக்கும் ஹார்மோன் இரவில்தான் கூடுதல். "அவள் தூங்கட்டும், ராத்திரி டின் பால் கொடுத்துக்கொள்ளலாம்" என்று அன்பாகச் சொல்வார்கள், அதில்தான் சுரப்பு குறையும்.

குழித்துறை_தாய்சேய்:

மேலே சொன்னதோடு காம்பைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன்.

வலது காம்பு தட்டை என்றால் 10 மில்லி சிரிஞ்சு ஒன்று வாங்குங்கள், காம்பு பெரிதாக இருந்தால் 20. ஊசி மாட்டும் முனையைக் கூரான பிளேடால் நேராக வெட்டி எடுத்துவிடுங்கள். உள்தண்டை உருவி, வெட்டிய பக்கத்திலிருந்து திருப்பிச் செருகுங்கள். வெட்டின முனை தோலைக் கிழிக்கும், அது ஒருபோதும் மார்பில் படக் கூடாது. தண்டு முன்பு இருந்த வழுவழுப்பான வாய்தான் காம்பின்மேல் உட்கார வேண்டும். தண்டை மெல்ல இழுத்தால் காம்பு வெளியே வரும், அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் அப்படியே வைத்திருங்கள். வலித்தால் தண்டை உள்ளே தள்ளித் தளர்த்துங்கள். எடுக்கும்போதும் தண்டைத் தள்ளிக் காற்று விட்டபின்தான் எடுக்க வேண்டும், பிடுங்கக் கூடாது. பால் கொடுக்க உட்காரும்போதெல்லாம் இரண்டு மூன்று தடவை செய்து, காம்பு நீண்டிருக்கும்போதே வாய் வையுங்கள்.

வெடித்த காம்புக்கு: சோப்பு வேண்டாம், டெட்டால் வேண்டாம், ஒவ்வொரு தடவையும் துடைப்பதும் வேண்டாம். குடித்து முடித்தபின் கடைசியில் வரும் கெட்டிப் பாலில் இரண்டு சொட்டைத் தடவிக் காற்றில் காய விடுங்கள். வலி குறைந்த பக்கத்தில் முதலில் வையுங்கள், பசி தணிந்த பிள்ளை அடுத்த பக்கத்தை மெதுவாக இழுப்பான். தாங்க முடியாவிட்டால் இடது பக்கத்தை ஒரு நாள் கையால் மட்டும் பீய்ச்சலாம், ஆனால் பீய்ச்சாமல் விடக் கூடாது. பிள்ளை கக்கும் பாலில் சிவப்பு இழை தெரிந்தால் பயப்படாதீர்கள், காம்பிலிருந்து போன ரத்தமாகத்தான் பெரும்பாலும் இருக்கும், அதனால் பால் கெடாது. மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

கையால் பீய்ச்ச, கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் காம்பிலிருந்து சுமார் 3 செ.மீ. தள்ளி, எதிரெதிராக. முதலில் நெஞ்சுக்கூட்டை நோக்கி உள்ளே அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமுக்கி, விடுங்கள். தோலின்மேல் விரல் வழுக்கிக்கொண்டு போகக் கூடாது. காம்பைப் பிடித்து இழுத்தால் வலிதான் மிச்சம். பால் குறைந்ததும் விரலை வேறு இடத்துக்கு மாற்றுங்கள்.

மறுபடி கட்டினால் பால் கொடுப்பதற்கு முன் இரண்டு நிமிடம் வெதுவெதுப்பான துணி, கொடுத்த பிறகு குளிர்ந்த துணி 10 நிமிடம். எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்க்கச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லுங்கள், உள்ளே வீக்கம் கூடும். இன்னொன்று, நம் பக்கத்தில் தோவாளைப் பூ எளிதில் கிடைக்கிறது என்பதால் சொல்கிறேன்: பால் கட்டுக்கு மல்லிகைப்பூ வைத்துக் கட்டக் கூடாது. பாலை நிறுத்துவதற்குச் செய்யும் வைத்தியம் அது, சுரப்பைக் குறைக்கும்.

ஒரு பக்கம் சிவந்து, தொட்டால் சுட்டு, 101 டிகிரி காய்ச்சலும் குளிரும் வந்தால் அன்றே மருத்துவரைப் பாருங்கள். அப்போதும் அந்தப் பக்கத்தில் பால் கொடுக்கலாம். தாய்ப்பாலுக்கு ஒத்துவரும் ஆன்டிபயாடிக்குகள் இருக்கின்றன.

தோவாளை_பாட்டி:

மக்ளே, தண்ணி விஷயத்தை யாரும் சொல்லல்லியே. பெத்தவளுக்குத் தண்ணியக் கொறைக்கக் கூடாது. வயிறு போடுறது தண்ணியால இல்ல, பத்து மாசம் விரிஞ்ச வயித்துத் தசை சுருங்க நாளாவும். ஒவ்வொரு தடவ பால் குடுக்க உக்காரும்போதும் கைக்கு எட்டுற தூரத்துல ஒரு செம்புத் தண்ணி வையுங்கோ, தாகத்துக்குக் குடிக்கட்டும். தாகத்துக்கு மேல குடம் குடமாக் குடிச்சா பால் கூடாது, அதுவும் உண்டு.

சாப்பாடு ஒரு நேரம் கூடுதலா வேணும். உளுந்தங்கஞ்சி, முருங்கக்கீரை, பூண்டு, முட்ட எல்லாம் நல்லது. மீன வெலக்காண்டாம். சுறாப்புட்டுதான் பால் சுரக்க வைக்கும்னு தெனமும் குடுப்பாவ, பெரிய சுறாவுல பாதரசம் சேந்திருக்கும், தெனம் வேண்டாம். சாளையும் நெத்தோலியும் போதும், சத்தும் உண்டு, வெலையும் கொறவு. எத்தன சாப்பிட்டாலும் பிள்ள மாருல இருந்து எடுத்தாத்தான் பால் ஊறும், அத மறக்காதீங்கோ.

பிள்ளைக்கித் தேன், சீனித்தண்ணி, வசம்பு, கிரைப் வாட்டர் ஒண்ணும் வாயில வைக்காதீங்கோ. தேன்ல உள்ள கிருமி ஒரு வயசுக்குள்ள பிள்ளைக்கி ஆபத்து. வெறுந்தண்ணியும் ஆறு மாசம் முடியட்டும்.

கருங்கல்_பெரியம்மா:

மருத்துவர் பார்த்துவிட்டார். மஞ்சள் லேசாக இருக்கிறது, ரத்தப் பரிசோதனையில் கவலை இல்லை. நாக்கடி சரியாக இருக்கிறது. 48 மணி நேரத்தில் மறுபடி எடை பார்க்க வரச் சொன்னார். விலாப்பக்கம் வைத்ததில் இடது பக்கம் வலி குறைந்தது. ஆனால் பீய்ச்சினால் இரண்டு பக்கமும் சேர்த்து 12 மில்லிதான் வருகிறது. மீதிக்குப் பவுடர் பால் கொடுக்க மருத்துவர் சொல்லியிருக்கிறார். கொடுத்தால் தாய்ப்பால் நின்றுவிடுமா? பாலாடையில் எப்படிக் கொடுப்பது, வாயோரம் வழிகிறது.

தக்கலை_செவிலி:

கொடுங்கள். பசியில் களைத்த பிள்ளைக்கு வாய் திறந்து இழுக்கவே தெம்பு இருக்காது. மருத்துவர் சொன்ன அளவுக்கு, மார்பில் குடித்த பிறகு கொடுத்தால் தாய்ப்பால் நிற்காது. பீய்ச்சாமல் அதை மட்டும் கொடுத்தால்தான் நிற்கும். 12 மில்லி தொடக்கத்துக்குக் குறைவில்லை. பிள்ளை குடித்து முடித்தபின் மிச்சம் வருவதுதானே அது.

ஒவ்வொரு தடவையும் அந்த 12 மில்லியை முதலில் கொடுங்கள், மீதியை மட்டும் பவுடர் பாலில் நிரப்புங்கள், இரண்டையும் கலக்க வேண்டாம். தாய்ப்பாலில் ஒரு சொட்டும் வீணாகக் கூடாது. பவுடர் அளவு டின்னில் எழுதியபடி. பெரும்பாலான டின்களில் 30 மில்லி நீருக்கு ஒரு மட்டக் கரண்டி, குவியலாக அல்ல. முதலில் நீரை அளந்து, பிறகு பவுடர். கொதித்த நீர் அரை மணி நேரத்துக்குள் இருக்கும் சூட்டிலேயே கலக்கி, ஆறவைத்துக் கொடுங்கள். ஆறிப்போன நீரில் கலக்கினால் பவுடரில் உள்ள கிருமி சாகாது. டின் சீக்கிரம் தீர்கிறதே என்று தண்ணீர் கூட்டினால் பிள்ளை வயிறு நிறையும், எடை ஏறாது. மிச்சத்தை வைத்து அடுத்த தடவை கொடுக்கக் கூடாது.

பீய்ச்சிய பால் மூடிய ஸ்டீல் கிண்ணத்தில் வெளியே 4 மணி நேரம் இருக்கலாம், நம்மூர் வெயிலில் அதற்குள் கொடுத்துவிடுவது நல்லது. ஃபிரிட்ஜின் உட்பக்கத்தில் என்றால் 24 மணி நேரம், கதவில் வைக்க வேண்டாம். சூடாக்க, அடுப்பில் வைக்காமல் வெந்நீர்ப் பாத்திரத்தில் கிண்ணத்தை நிறுத்துங்கள்.

பாலாடை வழிவதற்குக் காரணம் படுக்க வைத்து ஊற்றுவதாகத்தான் இருக்கும். பிள்ளையை நிமிர்த்தி மடியில் உட்கார்த்துங்கள். பாலாடையில் பாதி மட்டும் நிரப்பி, அதன் மூக்கைப் பிள்ளையின் கீழுதட்டில் வைத்துப் பால் உதட்டைத் தொடும் அளவுக்குச் சாயுங்கள். அவனே நாக்கை நீட்டி உறிஞ்சுவான். விழுங்கின பிறகு அடுத்தது. ஊற்றினால் புரையேறும். 30 மில்லிக்கு 15 நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. எத்தனை பாலாடை 30 மில்லி என்று சிரிஞ்சால் ஒரு தடவை அளந்து பார்த்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. ஒவ்வொரு தடவையும் கழுவி, தினம் 10 நிமிடம் கொதிக்க வையுங்கள்.

48 மணி நேரம் காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்: எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, இரண்டு வேளை தொடர்ந்து குடிக்காதது, 8 மணி நேரம் மூத்திரம் இல்லாதது, துணியில் செங்கல் நிறக் கறை, மஞ்சள் உள்ளங்கை உள்ளங்காலுக்கு இறங்குவது, உடம்பு 100.4 டிகிரிக்கு மேல் சுடுவது, தொட்டால் சில்லென்று இருப்பது, மூச்சு வாங்குவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். மஞ்சளுக்கு இளவெயிலில் காட்டுவது வைத்தியம் அல்ல.

மறுபடி எடை பார்க்கும்போது அதே தராசு, உடுப்பில்லாமல். இரண்டு நாளில் 40 கிராமுக்கு மேல் ஏறி, மூத்திரம் 6-ஐத் தாண்டினால், மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு ஒவ்வொரு தடவையும் பவுடர் பாலில் 5 மில்லி குறையுங்கள். இரண்டு நாள் விட்டு எடை பார்த்து, ஏறினால் இன்னொரு 5. முதலில் பகல் வேளைகளில் குறையுங்கள், காலையில்தான் மார்பில் பால் அதிகம். சாயங்காலம் 5 முதல் 9 வரை பிள்ளை விடாமல் கேட்பான், எடை ஏறும் பிள்ளைகளும் அப்படித்தான் கேட்பார்கள். அந்த நேரத்தில் அவசரப்பட்டு அளவைக் கூட்ட வேண்டாம், மார்பிலேயே மாற்றி மாற்றி வையுங்கள்.