சம்பங்கி மொட்டு விரியாமலே கருகுகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். ஊர் திருவையாறு பக்கம், வண்டல் கலந்த களிமண். கொல்லையில் நாள் முழுக்க வெயில் விழும் இடத்தில் போன வருஷம் ஆனி மாதம் 40 சம்பங்கிக் கிழங்கு வைத்தேன். பிரஜ்வல் ரகம். ஐப்பசியிலிருந்து நன்றாகப் பூத்தது; சாயங்காலம் வாசல் வரை மணம் வரும். தினமும் சாமிக்கு ஒரு சரம் கிடைத்தது.

இந்தச் சித்திரையில்தான் பிரச்சினை ஆரம்பம். தண்டு மூன்றடி வருவதற்குப் பதில் ஒன்றரை அடியிலேயே வளைந்து நிற்கிறது. தோல் சொரசொரப்பாகப் பழுப்புத் தட்டியிருக்கிறது. மொட்டைப் பிரித்துப் பார்த்தால் இதழ் ஒன்றோடொன்று ஒட்டி, காய்ந்த வெங்காயத் தோல் மாதிரி இருக்கிறது. இதுவரை 14 தண்டு போய்விட்டது. இலையெல்லாம் பச்சையாகத்தான் இருக்கிறது, கிழங்கிலும் அழுகல் இல்லை.

முதலில் இலைப்பேன் என்று நினைத்து வேப்பெண்ணெய்க் கரைசலை வாரம் ஒருமுறை, மூன்று வாரம் அடித்தேன். அப்புறம் வேப்பம் புண்ணாக்கு, சூடோமோனாஸ் (நோய்க்கிருமியை அடக்கும் நல்ல பாக்டீரியா) இரண்டும் மண்ணில் போட்டேன். தண்ணீரைக் குறைத்தேன். மாற்றமே இல்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் நெல் வயல். நெல்லில் வெண்நுனி நோயை உண்டாக்கும் நூற்புழு (கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய புழு) சம்பங்கியையும் தாக்கும் என்று படித்ததிலிருந்து அதுதானோ என்று சந்தேகம். படம் கீழே போட்டிருக்கிறேன்.

சம்பங்கி போட்டு அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்: இது நூற்புழு என்றால் இதே செடியைக் காப்பாற்ற முடியுமா, இல்லை மொத்தத்தையும் பிடுங்கிவிட்டு வேறு இடத்தில் புதுக் கிழங்கு வைக்க வேண்டுமா?