மானாவாரி மக்காச்சோளத்தில் களையை அடக்க எந்த ஊடுபயிர் ஏற்றது?

கேள்வி (பெரம்பலூர், கரிசல் நிலம்)

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் புரட்டாசிப் பட்டத்தில் மானாவாரியாக மக்காச்சோளம் விதைத்து வருகிறோம். முதல் மழைக்கே சாரணையும் கோரையும் பயிரை முந்திக்கொண்டு எழுந்துவிடுகின்றன. கரிசல் ஈரமாக இருக்கும்வரை காட்டுக்குள் கால் வைக்க முடியாது. மண் காய்ந்து ஆட்கள் இறங்குவதற்குள் களை மண்டிவிடுகிறது. அட்ரசின் களைக்கொல்லி தெளிப்பதை விட்டுவிட வேண்டும் என்பது என் விருப்பம். எந்தப் பயிரை ஊடே விதைத்தால் களை அடங்கும்? எப்போது விதைக்க வேண்டும்?

பதில் 1 (விருதுநகர்)

ஐயா, 60 செ.மீ. இடைவெளியில் வரிசை பிடிக்கும் மக்காச்சோளத்தில், முதல் ஒரு மாதம் நடுவிலுள்ள மண் வெயிலுக்குத் திறந்தே கிடக்கிறது. சிறுவிதைக் களைகள் பலவற்றுக்கு முளைப்பதற்கே வெளிச்சம் தேவை என்பதால், அந்த இடத்தை நாம் விரும்பும் ஒரு செடியின் இலையால் மூடிவிட்டால் பிறகு முளைக்கும் களைகள் பெரும்பாலும் மெலிந்து போகும். உளுந்தும் தட்டைப்பயறும் இதற்கு ஏற்றவை. தட்டைப்பயறு விரைவாகவும் அகலமாகவும் மூடும். ஆனால் குத்துச்செடி வகையாகப் பார்த்து வாங்குங்கள். கொடி வகை, மக்காச்சோளத் தண்டில் ஏறிச் சுற்றிக்கொண்டு, கதிர் ஒடிக்கும்போது பெரும் தொல்லை தரும். உளுந்து 65 முதல் 75 நாட்களில் வந்துவிடுவதால், மக்காச்சோளம் அறுவடைக்கு வருமுன் அதைப் பறித்துவிடலாம்.

எதை விதைத்தாலும் மக்காச்சோளத்தோடு அதே நாளில் விதைத்துவிட வேண்டும். பத்து நாள் தள்ளிப் போட்டால், பயறு மூட வேண்டிய இடத்தைக் களை பிடித்துக்கொள்ளும். பிறகு பயறையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டியிருக்கும்.

பதில் 2 (உடுமலைப்பேட்டை)

மேலே சொன்னது சரியே. ஆனாலும் ஊடுபயிர் போட்டுவிட்டால் களைவெட்டே தேவையில்லை என்று எண்ணிவிட வேண்டாம். பயறு மண்ணை மூட நான்கைந்து வாரங்கள் ஆகும். ஆகவே 15 முதல் 20 நாட்களுக்குள் ஒரு கைக்களை கட்டாயம் எடுக்க வேண்டும். ஊடுபயிரால் மிச்சமாவது இரண்டாம் களையின் கூலிதான். பயறு கலந்த காட்டில் அட்ரசினைத் தெளிக்கவே கூடாது, பயறு கருகிவிடும்.

கோரையைப் பொறுத்தவரை நிழலை மட்டும் நம்ப முடியாது. அது மண்ணுக்குள் இருக்கும் கிழங்கிலிருந்து எழுவதால், நிழலில் நலியுமே தவிர அழியாது. கோடையில் ஆழ உழுது, மேலே வரும் கிழங்குகளைப் பொறுக்கி வெளியேற்றி, மற்றவற்றை வெயிலில் காயவிட்ட பிறகே ஊடுபயிரை நம்பலாம்.

கேட்டவர்

இருவருக்கும் மிக்க நன்றி. மழை இடையில் நின்றுவிட்டால் இரண்டு பயிரும் ஒரே ஈரத்துக்குப் போட்டியிடாதா? என் கவலை இப்போது அதுதான்.

பதில் 3 (துறையூர்)

போட்டியிடும், தங்கள் கவலை நியாயமானதே. அதனால்தான் மானாவாரியில் இரண்டு மக்காச்சோள வரிசைக்கு நடுவே ஒரே ஒரு வரிசைப் பயறோடு நிறுத்திக்கொள்ளச் சொல்கிறேன். மக்காச்சோள இலை பகலில் சுருளத் தொடங்கி, மழைக்கும் அறிகுறி இல்லையென்றால், தட்டைப்பயறைத் தரையோடு அறுத்து அந்த வரிசையிலேயே மூடாக்காகப் பரப்பிவிடுங்கள். வேர் ஈரம் உறிஞ்சுவது நிற்கும். பரப்பிய தழை மண் காய்வதையும் புதிய களை முளைப்பதையும் குறைக்கும். மாடு வைத்திருப்போருக்கு அதைத் தீவனமாகக் கொண்டுபோகத்தான் மனம் வரும், ஆனால் அந்த நேரத்தில் தழை காட்டிலேயே கிடப்பது நல்லது.