தெருவின் அமைப்பு அக்கம்பக்கத்து உறவை மாற்றுமா?

தெருமுனை:
ஒரே மாதிரி வருமானம், ஒரே மாதிரி வேலை பார்ப்பவர்கள்தான் எனக்குத் தெரிந்த இரண்டு இடத்திலும் குடியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் தெருவே ஒரு குடும்பம் மாதிரி பழகுகிறது, இன்னொரு இடத்தில் பத்து வருடமாக எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியவில்லை. அவரவர் குணம் என்று சொல்லி இதைத் தள்ளிவிட எனக்கு மனசு வரவில்லை. தெரு எவ்வளவு அகலம், வாசல் எந்தப் பக்கம், பிள்ளைகள் எங்கே விளையாடுவது என்று திட்டம் போடுகிறவர்கள் வரைபடத்தில் இழுக்கும் கோட்டுக்கு இதில் எவ்வளவு பங்கு? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

வரைபடம்:
நிறையவே பங்கு இருக்கிறது. 1960களின் கடைசியில் டொனால்ட் ஆப்பிள்யார்ட் என்ற நகர வடிவமைப்பாளர் சான் பிரான்சிஸ்கோவில் மற்றபடி ஏறக்குறைய ஒன்றுபோல இருந்த மூன்று தெருக்களை எடுத்து ஆராய்ந்தார். பெரிய வித்தியாசம் வண்டிகள்தான்: ஒரு தெருவில் நாளுக்குச் சுமார் 2,000, இன்னொன்றில் 8,000, மூன்றாவதில் 16,000. வண்டி குறைந்த தெருவில் ஒருவருக்குச் சராசரியாக 3 நண்பர்கள் அந்தத் தெருவிலேயே இருந்தார்கள், நெரிசலான தெருவில் ஒருவர்கூட முழுசாக இல்லை, 0.9. எனக்கு மறக்காத விஷயம் வேறு. உங்கள் வீட்டு எல்லை எதுவரை என்று கேட்டபோது முதல் தெருக்காரர்கள் தெரு முழுவதையும் தங்களுடையதாகக் காட்டினார்கள், மூன்றாவது தெருவில் எல்லை தங்கள் கட்டடத்தோடு சுருங்கிவிட்டது.

மாடிப்படி:
அகலம், வண்டி எல்லாம் சரி, ஒரு கதவு தள்ளி இருப்பதுகூடக் கணக்கில் வருகிறது. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மணமான மாணவர்களுக்காகக் கட்டிய குடியிருப்பைப் பற்றி உளவியலாளர் ஃபெஸ்டிங்கரும் இன்னும் இருவரும் 1950இல் வெளியிட்ட ஆய்வு இது. அடுத்த கதவுக்காரரை நெருங்கிய நண்பராகச் சொன்னவர்கள் 41 சதவீதம், அதே மாடியின் கோடியில் இருப்பவரைச் சொன்னவர்கள் 10 சதவீதம். நடுவில் இருப்பது மூன்றே கதவுதான்! மாடிப்படிக்குக் கீழே வீடு கிடைத்தவருக்கு மேல்மாடி நண்பர்கள் அதிகம், ஏனென்றால் ஏறுகிறவரும் இறங்குகிறவரும் அவர் வாசலைத் தாண்டித்தான் போயாக வேண்டும். படியை எங்கே வைப்பது என்று முடிவு செய்த ஆள் இதையெல்லாம் நினைத்திருப்பாரா?

கீழ்வீட்டுக்காரர்:
இரண்டு பேரும் சொன்னதை ஒத்துக்கொள்கிறேன், ஆனால் வடிவம் மட்டும் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்தில் இருந்த ப்ரூயிட்-ஐகோ என்ற அரசுக் குடியிருப்பைப் பாருங்கள்: 11 மாடியில் 33 கட்டடங்கள், 1954இல் ஆட்கள் குடிவந்தார்கள், 1972இல் இடிக்கவே ஆரம்பித்துவிட்டார்கள். அங்கே லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது. நிற்கும் மாடியில் நீண்ட பொதுத் தாழ்வாரம், ஆட்கள் சந்தித்துப் பேசட்டும் என்றுதான் அப்படிப் போட்டார்கள். கடைசியில் அந்தத் தாழ்வாரத்தில் நடக்கவே பயப்படும் நிலை வந்தது. பராமரிப்புச் செலவு வாடகையிலிருந்து வர வேண்டும் என்பது ஏற்பாடு, நகரமோ ஆளில்லாமல் சுருங்கிக்கொண்டிருந்தது, வீடுகள் காலியாகக் காலியாக வாடகையும் குறைந்தது, உடைந்த விளக்கை மாற்றக்கூடப் பணமில்லை. பழி முழுவதையும் கட்டடக்கலையின் மேல் போட்டவர்கள் இதைப் பேசுவதே இல்லை, அது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

தெருமுனை:
எல்லோருக்கும் நன்றி. சரி, ஏற்கெனவே கட்டி முடித்த இடத்தில் என்ன செய்வது? இடித்துவிட்டா கட்ட முடியும்?

வரைபடம்:
இடிக்க வேண்டாம் நண்பரே. நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகரத்தில் பழைய தெருக்களையேதான் மாற்றினார்கள். தனி நடைபாதையை எடுத்துவிட்டுத் தரையைச் சமமாக்கி, நேர்ப்பாதையை மரத்தாலும் பெஞ்சாலும் வளைத்துவிட்டார்கள். 1976இல் அதற்குச் சட்டமே வந்தது, வண்டி நடக்கிற வேகத்தில்தான் போகலாம், பிள்ளைகள் தெருவிலேயே விளையாடலாம். நீங்கள் சொன்ன அந்த இரண்டாவது இடத்தில் தெரு எவ்வளவு அகலம், குறுக்குவழியாக வெளி வண்டிகள் வருகிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள், அங்கிருந்து தொடங்கலாம்.