சுடுமண் புலவலிமை, பதிகாந்தம்: இரண்டு சொற்களுக்கான முன்மொழிவு

அன்புள்ள ஐயாவுக்கும் கலைச்சொல் குழு நண்பர்களுக்கும் வணக்கம்.

பழங்காலத்தில் சுட்ட மண்ணை ஆராய்ந்து, அன்றைய புவிக்காந்தப் புலம் எவ்வளவு வலுவாக இருந்தது என்று கண்டறிவதற்கு 'தொல்காந்தச் செறிவு' என்ற சொல்லை ஐயா தந்திருந்தீர்கள். இரண்டு நாளாக அதே நினைவாக இருந்தேன். 'செறிவு', 'தொல்' இரண்டையும் மாற்ற வேண்டும் என்றே தோன்றுகிறது.

முதலில் செறிவு. பள்ளி இயற்பியலில் 'காந்தமாகும் செறிவு' என்று படித்திருக்கிறோம். அது பொருளுக்குள் ஏறிய காந்தத்தின் அளவு. பொருளுக்கு வெளியே இருக்கும் புலத்தின் அளவு வேறு. இவ்விரண்டையும் பிரித்துப் பார்த்து, ஒன்றைக் கொண்டு மற்றதைக் கணிப்பதுதான் இங்கே வேலையே. இரண்டுக்கும் செறிவு என்றே பெயரிட்டால் மாணவர் முதல் பக்கத்திலேயே குழம்பிப் போவார்.

ஒரு பானை ஓட்டை எடுத்துக்கொள்வோம். அதன் மண்ணில் மேக்னடைட், ஹேமடைட் போன்ற இரும்பு ஆக்சைடுத் துகள்கள் இருக்கும். சூளையில் 580 டிகிரி செல்சியஸ் வந்ததும் மேக்னடைட் தன் காந்தத்தை இழக்கும். ஹேமடைட்டுக்கு இன்னும் நூறு டிகிரி போல வேண்டும். பிறகு சூடு இறங்க இறங்க, அந்த இடத்தில் அந்த நேரத்தில் இருந்த புவிக்காந்தப் புலம் துகள்களில் பதிந்து உறைந்துவிடும். புலம் வலுவாக இருந்தால் பதிவும் வலுவாக இருக்கும்.

அந்தப் பதிவைப் படிக்கும் முறையை பிரான்சின் எமில் தெலியே, ஓடெட் தெலியே இருவரும் 1959இல் விரிவாக வெளியிட்டார்கள். ஓட்டுச் சில்லைச் சிறிய உலையில் 100, 200 என்று படிப்படியாகச் சூடேற்றுவார்கள். இன்று பரவலாகச் செய்யும் வடிவத்தில், ஒவ்வொரு படியிலும் இரண்டு தரம் சூடேற்றுவார்கள். ஒரு தரம் புலமே இல்லாத உலையில் ஆறவிட்டால் பழைய பதிவில் எவ்வளவு கழன்றது என்று தெரியும். அடுத்து, அளவு தெரிந்த புலத்தில் ஆறவிட்டால் புதிதாக எவ்வளவு ஏறியது என்று தெரியும். 40 மைக்ரோடெஸ்லா (காந்தப் புலத்தை அளக்கும் அலகு) புலத்தில் 20 பங்கு ஏறி, பழையதில் 30 பங்கு கழன்றிருந்தால், பானை சுட்ட நாளின் புலம் 60 மைக்ரோடெஸ்லா. இந்த விகிதக் கணக்கில் 20, 30 இரண்டும் மண்ணுக்குள் இருப்பவை. 40, 60 இரண்டும் வெளியே இருப்பவை. ஆகவே வெளியே இருப்பதற்குப் 'புலவலிமை' என்றும், உள்ளே பதிந்ததற்குப் 'பதிகாந்தம்' என்றும் முன்மொழிகிறேன்.

பின்னதற்கு ஐயா தந்த 'வெப்பவெச்சக் காந்தமாக்கம்' பொருளில் பிழையற்றது. ஆனால் ஒரே பத்தியில் ஆறு முறை வந்தால் வாக்கியம் தாங்காது. காந்தம் பதிவதும் சூடு ஏறும்போது அல்ல, ஆறும்போது. அதனால் முதலில் 'ஆறுகாந்தம்' என்றுகூட எழுதிப் பார்த்தேன். வாய்விட்டுச் சொன்னதும் நதியும் எண்ணும் குறுக்கே வந்தன. 'தணிகாந்தம்' என்றால் காந்தமே தணிந்துபோனது போலத் தொனிக்கிறது. பதிகாந்தத்தில் அந்தச் சிக்கல் இல்லை. ஊறுகாய், சுடுமண் போல அதுவும் வினைத்தொகை. கிளைச் சொற்களும் தடையின்றிப் பிறக்கின்றன. மண்ணில் இயல்பாக இருப்பது இயற்பதிகாந்தம், ஆறும்போது பதிவது சூட்டுப் பதிகாந்தம், ஒரு வெப்பப் படியில் மட்டும் ஏறுவது பகுதிப் பதிகாந்தம்.

இனி 'தொல்'. தொல்காந்தவியல் என்றால் எரிமலைப் பாறைகளும் கோடி ஆண்டுகளும்தான் நினைவுக்கு வரும். சூளையும் அடுப்பும் சில ஆயிரம் ஆண்டுக் கதை. அதற்குத் 'தொல்லியல் காந்தவியல்' என்று பெயரிட்டால், இரண்டுக்கும் நடுவே 'லியல்' மட்டும்தான் வேறுபாடு. அச்சில் கண் தவறவிடும். உறைகிணற்றுக்கும் பொம்மைக்கும் நாம் ஏற்கெனவே வழங்கும் 'சுடுமண்' கையில் இருக்கிறது. துறை சுடுமண் காந்தவியல். அது தரும் அளவு சுடுமண் புலவலிமை.

இதற்கு வரக்கூடிய மறுப்பும் தெரியும். இஸ்ரேலின் திம்னாவில் செம்பு உருக்கிய உலைக்கசட்டிலிருந்தும் புலவலிமை கண்டிருக்கிறார்கள், கசடு மண்ணாகுமா? எள்ளின் நெய்தான் எண்ணெய். இன்று தேங்காய் எண்ணெய், கடலை எண்ணெய் என்று கூசாமல் சொல்கிறோம். சுடுமண்ணும் அப்படி விரியட்டும். பிரான்சில் எரிமலைக் குழம்பின் அடியில் வெந்த களிமண்ணை ஆராய்ந்து, புவிக்காந்தம் ஒரு காலத்தில் தலைகீழாக இருந்தது என்று 1906இல் பெர்னார் புருன் எழுதினார். அந்த மண்ணை மனிதர் சுடவில்லை. ஆகவே அது தொல்காந்தவியலில் இருக்கட்டும்.

சொற்கள் தாங்குகின்றனவா என்று பார்க்க ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன்:

"இன்றைய இஸ்ரேல் பகுதியில் இருந்த பழைய யூதேய அரசின் ஜாடிக் கைப்பிடிகளில் சிறகு விரித்த சின்னமும், 'அரசனுக்குரியது' என்னும் பொருள்தரும் எழுத்துகளும் உள்ள முத்திரைகள் உண்டு. முத்திரையின் வகை காலத்தைச் சொல்லும். கைப்பிடியின் பதிகாந்தம் புலவலிமையைச் சொல்லும். 2017இல் வெளியான ஆய்வு, பல வகை முத்திரைகள் உள்ள 67 கைப்பிடிகளைக் கொண்டு ஆறு நூற்றாண்டுச் சுடுமண் புலவலிமையை வரைந்தது. கி.மு. 8ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அது உச்சத்துக்கு ஏறி, விரைவாக இறங்கியது. 2023இல், 12 மெசொப்பொத்தேமிய அரசர்களின் பெயர் பொறித்த 32 செங்கற்களிலும் இதே கணக்கைப் போட்டார்கள்."

எனக்குத் தடுக்கவில்லை. உங்களுக்கு எங்கே தடுக்கிறது என்று சொல்லுங்கள்.

ஒரு சொல் மட்டும் பிடிபடவில்லை. குயவர் கைப்பிடியை இழுத்து ஒட்டும்போது துகள்கள் இழுத்த வாக்கில் படிகின்றன. அந்தத் திசையில் காந்தம் எளிதாக ஏறும், குறுக்கே குறைவாக ஏறும். இதற்காகக் கணக்கைத் திருத்த வேண்டும். இப்போதைக்குத் 'திசைச்சார்பு' என்று எழுதி வைத்திருக்கிறேன், மனம் ஒப்பவில்லை. மண் பிசைபவர்களும் மர வேலைக்காரர்களும் இந்த 'வாக்கு'க்கு ஒரு சொல் வைத்திருப்பார்கள். அவர்களோடு பழகும் நண்பர்கள் கேட்டு எழுதினால் நன்றியுடையவனாக இருப்பேன்.